உங்கள் முதலாளி யார்? கான்ட்ராக்ட் தொழிலாளியின் வழக்கு உயர் நீதிமன்றம் வரை: வட சென்னையில் புதிதாக இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எண்ணூரிலோ மணலியிலோ ஓர் ஆலைக்குள் பத்து வருடம் உழைத்தவரிடம் எங்கே வேலை என்று கேட்டால் கம்பெனி பெயரைத்தான் சொல்வார். வேலை போய் வழக்கு என்று வந்ததும் அதே கம்பெனி, "இவருக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை, இவர் கான்ட்ராக்டரின் ஆள்" என்று எதிருரை (பதில் மனு) போடும். கான்ட்ராக்டரோ, "எனக்குக் கொடுத்த ஒப்பந்தம் முடிந்துவிட்டது" என்பார். இருவருக்கும் நடுவில் தொழிலாளி முதலாளியே இல்லாதவராக நிற்பார். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, துறைமுகம் என்று இந்தப் பக்கத்தில் தொழிற்சங்க வேலைக்குப் புதிதாக வருகிற இளைஞர்களும், முதல் தடவை வழக்குப் போடும் தொழிலாளர்களும் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். முதலாளி யார் என்ற கேள்விக்கு விடை எழுதப்படுவது தொழிலாளர் நீதிமன்றத்திலோ, தீர்ப்பாயத்திலோ, நடுவர் முன்னிலையிலோதான். உயர் நீதிமன்றம் அந்த விடையைச் சரிபார்க்கும். புதிதாக சாட்சி கேட்காது, புதிதாக ஆவணம் வாங்காது. "கீழே எப்படியோ போகட்டும், ஹைகோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கீழே பதிவாகாத எதுவும் மேலே உதவாது.

உயர் நீதிமன்றம் எதைப் பார்க்கும்

தொழிலாளர் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் கிடையாது. அரசியல் சாசனத்தின் 226, 227 பிரிவுகளின் கீழ் ரிட் மனு போடத்தான் வழி உண்டு; கீழே எடுத்த முடிவு சட்டப்படி சரியா என்று மட்டும் பார்க்கச் சொல்லும் மனு அது. ரிட்டின் எல்லை எது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1963-லேயே சையத் யாகூப் வழக்கில் வரையறுத்தது. பேருந்து பர்மிட் தொடர்பாக மதராஸிலிருந்து போன வழக்கு அது. இன்றும் தொழிலாளர் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. அதன்படி, கீழ் அமைப்புக்கு அந்த விஷயத்தை விசாரிக்க அதிகாரமே இல்லை என்றாலோ, ஒரு தரப்புக்குப் பேச வாய்ப்புத் தரவில்லை என்றாலோ, சட்டத்தைப் புரிந்துகொண்டதில் வெளிப்படையான பிழை இருந்தாலோ உயர் நீதிமன்றம் தலையிடலாம். உண்மை நிலவரம் பற்றிய முடிவில் கைவைக்க வேண்டுமானால், அதற்குச் சாட்சியமே இல்லை என்றோ, ஏற்க வேண்டிய ஆவணத்தை ஒதுக்கிவிட்டார்கள் என்றோ, ஏற்கக் கூடாததை ஏற்றுவிட்டார்கள் என்றோ காட்ட வேண்டும். "நானாக இருந்தால் வேறு மாதிரி முடிவு செய்திருப்பேன்" என்பது ரத்து செய்யக் காரணமாகாது.

இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் கேன்டீன் ஊழியர் வழக்கை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேன்டீனில் வேலை பார்த்தவர்கள் வங்கியின் தொழிலாளர்களே என்று தீர்ப்பாயம் சொன்னது. உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சாட்சியங்களைத் தானே மறுபடி எடைபோட்டு அதை ரத்து செய்தார். டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதிகள் அமர்வு) தீர்ப்பாயத்தின் முடிவை மீட்டது. 2000-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தனி நீதிபதி அப்பீல் கேட்பதுபோல் நடந்துகொண்டது ரிட் அதிகாரத்துக்குள் வராது என்றது. கீழே ஆவணங்களும் சாட்சியங்களும் அடுக்கடுக்காகப் பதிவாகியிருந்ததுதான் அந்தத் தொழிலாளர்களைக் காப்பாற்றியது.

மறுபக்கமும் உண்டு. ஹரித்வார் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலைத் தொழிலாளர்கள் தொழிலாளர் நீதிமன்றத்திலும் ஜெயித்தார்கள், உயர் நீதிமன்றத்திலும் ஜெயித்தார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. சம்பளம் கொடுத்தது யார், கட்டுப்பாடு யார் கையில் இருந்தது என்ற இரண்டு கேள்விக்கும் பதிவில் இருந்த சாட்சியம் கான்ட்ராக்டரைத்தான் காட்டியது. ஆதாரம் இல்லாத வெற்றி மேலே போனால் நிலைக்காது.

முதல் படி: எந்த அரசு, எந்த அலுவலகம்

வட சென்னையில் இந்தக் குழப்பம் அதிகம். அடுத்தடுத்த காம்பவுண்டுக்குள் மத்திய அரசு நிறுவனமும் மாநில அரசு நிறுவனமும் தனியார் ஆலையும் நிற்கின்றன. துறைமுகம், மத்தியப் பொதுத்துறை ஆலை என்றால் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் ஆணையரிடம் போக வேண்டும். அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. மத்திய அரசின் தொழில் தீர்ப்பாயமும் அதே வளாகத்தில்தான். தனியார் ஆலை, மாநில அரசின் மின் நிலையம் என்றால் மாநிலத் தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி, அதாவது இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கப் பார்ப்பவர். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் விசாரித்தால் உங்கள் பகுதிக்குரிய அலுவலகத்தைச் சொல்வார்கள்.

கான்ட்ராக்டர் தனியார்தானே என்று நினைத்து மாநில அலுவலகத்துக்குப் போய்விடாதீர்கள். தொழில் தகராறு சட்டத்தில் 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, தகராறு எந்த நிறுவனத்துக்குள் எழுந்ததோ அந்த நிறுவனம் எந்த அரசின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதுதான் கணக்கு. தவறான அலுவலகத்தில் தொடங்கிய வழக்கை, "அதிகாரவரம்பு இல்லை" என்ற ஒரே வரியில் உயர் நீதிமன்றத்தில் உடைக்க எதிர்த்தரப்புக்கு வாய்ப்புக் கிடைக்கும்.

இரண்டாம் படி: காலக்கெடு

வேலைநீக்கம் என்றால் பழைய தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ பிரிவில், சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் ஆனதும் நேராகத் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். வேலைநீக்க நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். 2025 நவம்பர் 21-ல் பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. புதிய தொழில் உறவுகள் தொகுப்பில் தகராறு எழுந்து இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனால் சமரச அதிகாரி அதை எடுக்க முடியாது. சமரசம் முறிந்தால் அறிக்கை கிடைத்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்கு மனு போட வேண்டும். ஏற்கெனவே நடக்கும் வழக்குகளில் பழைய சட்டத்தின் எண்களே உங்கள் காதில் விழும். புதிதாகத் தொடங்குபவர்கள் குறைந்த கெடுவையே கெடுவாக எடுத்துக்கொண்டு, வேலை நின்ற மாதத்திலேயே எழுத்தில் மனு கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: என்ன கேட்கிறோம்

வழக்கின் பாதி, கோரிக்கையை எழுதும் அந்த நாலு வரியில் முடிந்துவிடுகிறது. "கான்ட்ராக்ட் முறையை ஒழிக்க வேண்டும்" என்று கேட்பதும் "இந்த கான்ட்ராக்ட் பெயரளவுக்குத்தான், நாங்கள் முதல் நாளிலிருந்தே கம்பெனியின் தொழிலாளர்கள்" என்று கேட்பதும் ஒன்றல்ல. முதல் கோரிக்கை கான்ட்ராக்ட் உண்மையானது என்று ஒத்துக்கொள்கிறது. பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஒழிக்கும் அதிகாரம் அரசுக்குத்தான் இருந்தது, நீதிமன்றத்துக்கு இல்லை.

1996-ல் ஏர் இந்தியா வழக்கில், அரசு கான்ட்ராக்ட் முறைக்குத் தடை போட்டால் தொழிலாளர்கள் தாமாகவே கம்பெனி ஊழியர்கள் ஆகிவிடுவார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய நம்பிக்கை பிறந்தது. 2001-ல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: தடை வந்தாலும் தானாக வேலை மாறாது. ஆனால் ஒப்பந்தம் வெறும் திரை, பின்னால் இருப்பது கம்பெனிதான் என்று நிரூபித்தால் அவர்கள் கம்பெனியின் தொழிலாளர்களே. அதை விசாரித்து முடிவு செய்ய வேண்டியது தொழில் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றம் அல்ல என்றும் சேர்த்துச் சொன்னது. நேராக ரிட் போட்டால் "சாட்சி விசாரிக்க வேண்டிய விஷயம், தொழிலாளர் நீதிமன்றம் போங்கள்" என்று திருப்பி அனுப்புவது இதனால்தான். 2006-ல் அதே நிறுவனத்தின் இன்னொரு வழக்கில், ஒப்பந்தம் போலி என்றும் ஒப்பந்த முறையை ஒழி என்றும் ஒன்றுக்கொன்று முரணாக ஒரே நேரத்தில் கேட்கக் கூடாது என்றும் வந்தது.

ஆகவே கோருரையில் (உங்கள் கோரிக்கையை எழுதிக் கொடுக்கும் மனுவில்) நேராக எழுதுங்கள்: ஒப்பந்தம் பெயரளவுக்கானது, முதல் நாளிலிருந்தே கம்பெனியே என் வேலையளிப்பவர். கம்பெனி, கான்ட்ராக்டர் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். வேலைநீக்கம் என்றால் மீண்டும் வேலையில் அமர்த்தும்படி கேட்பதை விட்டுவிடாதீர்கள். அந்தக் கோரிக்கை இல்லாவிட்டால் பின்னால் என்ன இழப்பு என்று கீழே சொல்கிறேன். தமிழ்நாட்டில் 1981-ம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டம் இருக்கிறது. 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி. அதைப் பிடிப்பதற்கும் முதலில் யாருடைய தொழிலாளி என்று தெரிய வேண்டும்.

நான்காம் படி: ஆதாரம்

இதற்குத்தான் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி போக வேண்டும். முதலாளி யார் என்பதற்கு ஒற்றை அளவுகோல் கிடையாது. தாராங்கத்ரா உப்பளத் தொழிலாளர் வழக்கில் 1956-ல் மேற்பார்வையும் கட்டுப்பாடும் முக்கியம் என்றார்கள். 1978-ல் உசைன்பாய் வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், தொழிலாளியின் பிழைப்பும் வேலையின் தொடர்ச்சியும் உண்மையில் யார் கையில் இருக்கின்றன என்று திரையை விலக்கிப் பார்க்கச் சொன்னார். ஏழைத் தொழிலாளியின் பக்கம் நின்று எழுதப்பட்ட அந்தத் தீர்ப்பை இன்றும் எடுத்துக் காட்டுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள், பிறகு வந்த தீர்ப்புகள் இறுக்கமானவை. நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்க வழக்கு, நம் மாநிலத்து வழக்குதான். 2004-ல் அதில், கம்பெனிதான் முதலாளி என்று சொல்பவரே நிரூபிக்க வேண்டும் என்றார்கள். 2014-ல் பல்வந்த் ராய் சலூஜா வழக்கு கேட்க வேண்டியவற்றை அடுக்கியது: வேலைக்கு எடுத்தது யார், சம்பளம் தருவது யார், நீக்கும் அதிகாரம் யாருக்கு, ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது யார், வேலை தொடர்ச்சியானதா, கட்டுப்பாடும் மேற்பார்வையும் எவ்வளவு.

இந்தக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே உங்களிடம் இருக்கும் காகிதத்தைக் குறியுங்கள். எதிரே வெற்றிடம் இருக்கும் கேள்விதான் உங்கள் பலவீனம்.

வேலைக்கு எடுத்ததற்கு: கம்பெனி அதிகாரி நேர்காணல் நடத்தினாரா? கம்பெனி மருத்துவ அறையில் உடல் பரிசோதனை நடந்ததா? கம்பெனி பாதுகாப்புப் பயிற்சிச் சான்று கொடுத்ததா? சம்பளத்துக்கு: வங்கிக் கணக்கு வரவுத் தாள், ஊதியச் சீட்டு. நீக்கத்துக்கும் தண்டனைக்கும்: மெமோ யார் கையெழுத்தில் வந்தது? "நாளையிலிருந்து வராதே" என்று சொன்னது யார்? லீவு லெட்டரில் கையெழுத்துப் போட்டவர் கம்பெனி சூப்பர்வைசரா, கான்ட்ராக்டரின் மேஸ்திரியா?

தொடர்ச்சிக்கு பி.எஃப். பாஸ்புக்தான் எனக்குத் தெரிந்து மிக வலுவான ஆவணம். யூ.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணைப் போட்டு எல்லா வருடத்தையும் எடுங்கள். இடையில் நாலு கான்ட்ராக்டர் பெயர் மாறியிருக்கும். ஆள் ஒருவர், இயந்திரம் ஒன்று, ஷிப்ட் ஒன்று. கான்ட்ராக்டர் மாறியும் ஆள் மாறவில்லை என்றால் ஆளை வைத்திருந்தது கான்ட்ராக்டர் அல்ல என்ற வாதத்துக்கு வலு கிடைக்கும். பத்துப் பேர் பாஸ்புக்கும் ஒரே மாதிரி காட்டினால் இன்னும் நல்லது.

கட்டுப்பாட்டுக்கு: ஷிப்ட் போடும் வாட்ஸ்அப் குழு, கம்பெனி இன்ஜினியர் அனுப்பிய வேலை உத்தரவு, நிரந்தரத் தொழிலாளிகளோடு சேர்ந்து அதே வேலையைப் பார்த்ததற்கான லாக் புத்தகக் கையெழுத்து. போனை விற்காதீர்கள், குழுவை விட்டு வெளியேறாதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். ஆனால் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகம் போன்ற தடை செய்யப்பட்ட இடங்களுக்குள் படம் எடுக்கவோ பதிவேட்டைத் தூக்கி வரவோ வேண்டாம். அது உங்கள் மேலேயே புதுக் குற்றச்சாட்டாகும். எந்தப் பதிவேடு எங்கே இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு, நீதிமன்றத்தில் ஆவணங்களை வரவழைக்கும் மனு போடுங்கள். வருகைப் பதிவேடு, கேட் ரெஜிஸ்டர், கான்ட்ராக்ட் ஒப்பந்தம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். உத்தரவு வந்தும் கம்பெனி தராவிட்டால் அதைக் கம்பெனிக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளும்படி வாதாடலாம். அந்த மனுவைப் போடவே இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் அழுது பயனில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் ஒரு மனு: கம்பெனியின் ஒப்பந்தத் தொழிலாளர் பதிவுச் சான்று, கான்ட்ராக்டரின் உரிமம், அதில் குறிப்பிட்ட வேலை, ஆட்கள் எண்ணிக்கை. உரிமத்தில் துப்புரவுப் பணி என்றிருக்கும், ஆட்களோ உற்பத்தி லைனில் நிற்பார்கள். அந்த ஒரு தாள் பெரிய வேலை செய்யும்.

சிலவற்றைப் பெரிய ஆதாரம் என்று நம்பி ஏமாறாதீர்கள். கேட் பாஸ் கம்பெனி பெயரில் இருக்கிறது என்பது மட்டும் போதாது; பாதுகாப்புக்காகக் கொடுத்தோம் என்பார்கள். இ.எஸ்.ஐ., பி.எஃப். தொகையைக் கம்பெனி கட்டியது என்பதும் தனியாக நிற்காது, கான்ட்ராக்டரின் ஆட்களுக்கும் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலை நடக்கும் கம்பெனி, பொறுப்பு என்று சட்டமே சொல்கிறது. சம்பளம் தரும்போது கம்பெனி அதிகாரி பக்கத்தில் நின்றதும் அப்படித்தான். சென்னை விமான நிலைய சரக்குத் தொழிலாளர் வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: ஆளை எங்கே, எவ்வளவு நாள் அனுப்புவது என்று கான்ட்ராக்டர் முடிவு செய்து, போன இடத்தில் என்ன வேலை என்று கம்பெனி சொன்னால், அது இரண்டாம் நிலைக் கட்டுப்பாடுதான். எனவே "கம்பெனி சூப்பர்வைசர்தான் வேலை சொன்னார்" என்பதோடு சாட்சியத்தை நிறுத்தாதீர்கள். கான்ட்ராக்டரின் ஆள் அங்கே வந்ததே இல்லை, ஷிப்டும் லீவும் செக்‌ஷன் மாற்றமும் கம்பெனிதான் போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, நிறுவனத்தின் மையப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளர்களை வைக்கக் கூடாது என்கிறது. சில விலக்குகள் உண்டு. துப்புரவு, காவல், கேன்டீன், ஏற்றி இறக்குதல் போன்றவை பொதுவாக மையப் பணியில் சேராது. ஐம்பது பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அந்த அத்தியாயம் பொருந்தாது. நீங்கள் செய்வது எந்தப் பணி என்பதையும் இனி ஆவணத்தோடு பதிவு செய்யுங்கள்.

ஐந்தாம் படி: நடுவரிடம் போவதா

பழைய சட்டத்தின் 10ஏ பிரிவிலும் புதிய தொகுப்பிலும் இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டு தகராறை நடுவரிடம் விடலாம். சீக்கிரம் முடியும் என்பது உண்மை. வணிக வழக்குகளுக்கான நடுவர் சட்டம் இதற்குப் பொருந்தாது. நடுவர் தீர்ப்பையும் ரிட்டில் கேள்வி கேட்கலாம் என்று 1975-ல் ரோத்தாஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கவனம் முழுக்க ஒப்பந்தப் பத்திரத்தின் வாசகத்தில் இருக்கட்டும். "ஒப்பந்தத் தொழிலாளர்களின் ஊதிய உயர்வு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, முதலாளி யார் என்ற கேள்விக்கு நடுவர் விடை சொன்னால், கேட்காததைத் தீர்த்தார் என்று அது ரத்தாகலாம். முதலாளி யார் என்பது தகராறு என்றால் அந்தக் கேள்வியையே எழுத வேண்டும். கம்பெனி அதை எழுதச் சம்மதிக்காவிட்டால் நடுவர் வேண்டாம், தீர்ப்பாயம் போங்கள் என்பதே என் யோசனை.

ஆறாம் படி: ஜெயித்த பிறகு

கம்பெனி ரிட் போடும் என்று எதிர்பார்த்து உடனே கேவியட் மனு (எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற முன்மனு) போடுங்கள். உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை வாங்குவது கடினமாகும். தடை வந்துவிட்டால், அதை நீக்கவோ நிபந்தனை விதிக்கவோ மனு போட வேண்டும்.

மீண்டும் வேலை தரச் சொல்லும் தீர்ப்பு என்றால், வழக்கு மேலே நடக்கும் காலத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை மாதாமாதம் கேட்கலாம். பழைய சட்டத்தில் இது 17பி. வேறு எங்கும் வேலை பார்க்கவில்லை என்று பிரமாணப் பத்திரம் போட வேண்டும். தீர்ப்பு "இவர் கம்பெனியின் தொழிலாளி" என்ற அறிவிப்போடு நின்றுவிட்டால் 17பி கிடைக்காது. கோருரையில் மீண்டும் வேலை கேட்கச் சொன்னது இதற்காகத்தான். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும்போது வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே.

தோற்றிருந்தால்

ரிட் மனுவில் "நீதி மறுக்கப்பட்டது" என்று பக்கம் பக்கமாக எழுதுவதில் பலனில்லை. டைப்டு செட்டில் (மனுவோடு சேர்க்கும் ஆவணக் கட்டில்) கோருரை, எதிருரை, சாட்சியங்கள், சான்றாவணங்கள் முழுதும் இருக்கட்டும். பிறகு மூன்று நான்கு இடத்தைச் சுட்டுங்கள்: இந்த எண் சான்றாவணத்தைத் தீர்ப்பு தொடவே இல்லை, கம்பெனி சாட்சி குறுக்கு விசாரணையில் இப்படி ஒத்துக்கொண்டதைப் பார்க்கவில்லை, நிரூபிக்கும் பொறுப்பைத் தவறாக வைத்தார்கள். ரிட்டுக்குக் கட்டாயக் காலக்கெடு இல்லை என்றாலும் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். சில மாதத்துக்குள் போடுங்கள்.

நீதிமன்றம் ரத்து செய்து மறுவிசாரணைக்குத் திருப்பி அனுப்பினால் பழைய குறையைச் சரிசெய்யக் கிடைத்த வாய்ப்பு அது. விடுபட்ட ஆவணங்களை வரவழைக்கும் மனுவை முதல் வாய்தாவிலேயே போடுங்கள்.

செலவும் துணையும்

தொழிலகத் தொழிலாளி என்றால் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. 1987-ம் ஆண்டுச் சட்டத்தின் 12-ம் பிரிவு. சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, உதவி எண் 15100. விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றம் என்ற பெயரிலேயே நிலையம் இருக்கிறது. சென்னையின் தொழிலாளர் நீதிமன்றங்களும் அந்த வளாகத்தில்தான். தொழிலாளர் நீதிமன்றத்தில் சங்க நிர்வாகியே உங்களுக்காக வாதாடலாம்; நல்ல சங்க நிர்வாகி கிடைத்தால் விடாதீர்கள். பெரம்பூர் பக்கத்து மில் தொழிலாளர்களோடு 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கிய ஊர் இது. 1920-ல் மில் நிர்வாகம் சங்கத் தலைவர் பி.பி. வாடியா மீது இதே உயர் நீதிமன்றத்தில் தடை உத்தரவு வாங்கியதும், அதன் எதிரொலியாக 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததும் இங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு.

கடைசியாக, தீர்ப்பு நகல்

தனி நீதிபதி தீர்ப்பு எதிராக வந்தால் டிவிஷன் பெஞ்சில் ரிட் அப்பீலுக்கு 30 நாள்தான். மனு 227-ன் கீழ் மட்டும் போட்டதாக இருந்தால் அந்த அப்பீலே கிடையாது; ஆகவே தொடங்கும்போதே எந்தப் பிரிவு என்று வக்கீலிடம் கேட்டுவிடுங்கள். டிவிஷன் பெஞ்சுக்கும் மேலே போக வேண்டுமானால் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி மனு, 90 நாள். தீர்ப்பு வந்த அன்றே சான்றிட்ட நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகலுக்குக் காத்திருக்கும் நாட்கள் கணக்கில் கழியும் என்றாலும், விண்ணப்பிக்காமல் விட்ட நாட்கள் கழியாது.